அண்ணனுக்காக நான் எழுதிய விடுப்பு மனு

அண்ணன் லாரியிலிருந்து தவறி விழுந்தார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். கிழக்கு எல்லையில் போர் மூண்டிருந்த நேரம் அது. அண்ணனின் படைப்பிரிவும் அங்கேதான் இருந்தது. வானொலிச் செய்தி முடியும்வரை அப்பா சோற்றில் கை வைக்க மாட்டார். அப்படியொரு நாளில் அண்ணனின் கடிதம் வந்தது. முகாமில் லாரியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கியதாம், தொடையில் அடியாம், கவலைப்பட ஒன்றுமில்லையாம். அம்மா கடிதத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். போருக்குப் போன பிள்ளைக்கு வந்த கெடுதல் ஒரு லாரியோடு போயிற்றே என்று அவளுக்கு அத்தனை நிம்மதி. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தபோது அந்த லாரியின் பேரிலும் ஒரு தேங்காய் உடைத்தாள்.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குக் களமருதூரில் மாப்பிள்ளை பார்த்து அப்போதுதான் பரிசம் போட்டிருந்தார்கள். எங்கள் உறவுமுறையில் ஒரு வழக்கம் உண்டு. பரிசம் போட்ட நாள் முதல் தாலி ஏறும்வரை பெண் வீட்டாரோ பிள்ளை வீட்டாரோ, எந்த ஊரில் இருந்தாலும், ஆயுதத்தால் ரத்தம் சிந்தக் கூடாது. அந்த நாட்களில் வீட்டில் கோழிகூட அறுக்க மாட்டார்கள். மீறி ஏதேனும் நடந்துவிட்டால் பெண்ணின் ராசி சரியில்லை என்று பரிசத்தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பிய தட்டு இன்னொரு முறை அந்த வீட்டு வாசலுக்கு வருவது அரிது. லாரியில் விழுவது இந்தக் கணக்கில் வராது. அது வெறும் கவனக்குறைவு.

மாப்பிள்ளையைக் கைப்பிடித்துப் பந்தலுக்கு அழைத்துவர அண்ணன் வந்தாக வேண்டும் என்று அப்பா விடுப்பு கேட்டு மனு எழுதச் சொன்னார். பள்ளியிறுதி வரை படித்து, நல்ல கையெழுத்து என்று பெயர் வாங்கியிருந்தவள் நான். அப்பா சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். லாரியிலிருந்து இறங்கும்போது விழுந்து அடிபட்டிருக்கும் எங்கள் மகனை, தங்கையின் திருமணத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம். கிராம முன்சீப் முத்திரை வைத்துக் கையெழுத்திட்டார். மனு போயிற்று, விடுப்பு கிடைத்தது, அண்ணன் ஊன்றுகோலோடு வந்தார். மாப்பிள்ளையை அழைத்து வரும்போது மட்டும் அந்தக் கோலைப் பந்தக்காலில் சாய்த்து வைத்துவிட்டு நடந்தார். சாப்பிட இலை போட்டபோது தரையில் உட்காராமல் நின்றபடியே உண்டார். ஏன் என்று யாரோ கேட்டதற்கு, எல்லாம் லாரி செய்த வேலை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மணக்கோலத்தில் இருந்த நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஐம்பது ஆண்டுகள் ஊரில் நிலைத்தது. ஓய்வுபெற்று வந்த அண்ணனுக்கு 'லாரி மிலிட்டரி' என்றே பெயராயிற்று. கரும்பு வெட்டு முடிந்து மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு டிராக்டர்கள் கிளம்பும் காலங்களில், டீக்கடையில் கூட்டம் சேரும்போதெல்லாம் யாராவது ஆரம்பிப்பார்கள்.

"இன்னா மிலிட்டரி, எதிரி எந்தக் கம்பெனி லாரில வந்தான்?"

அண்ணன் சிரித்துக்கொண்டே அவர்களுக்கும் சேர்த்து டீ சொல்வார். பம்புசெட்டில் எல்லோரும் கோவணத்தோடு குளிக்க, அவர் மட்டும் முழங்கால் வரை கால்சட்டை போட்டுக்கொண்டு குளிப்பார். பட்டாளத்துக்காரர்களுக்கு அப்படியொரு பழக்கம் போலும் என்று நான் நினைத்திருந்தேன். பள்ளியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள். கண்ணெதிரே இருந்ததைப் படிக்கத் தெரியவில்லை.

என் கணவர் காலமாகிக் கருமாதி முடிந்த சில வாரங்களில் அண்ணன் நான்கு வெள்ளைத்தாள்களோடு வந்தார். ஒரு மனு எழுத வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். வேட்டியைத் தொடைவரை விலக்கிக் காட்டினார். உள்வாங்கிய தழும்பு ஒன்று, விரலை வைத்தால் பதியும் அளவுக்கு இருந்தது.

"இனிமே சொல்லலாம் பாப்பா. அது லாரி இல்ல, குண்டு. மாப்ள இருக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். பொய் சொல்லிப் பொண்ணக் குடுத்துட்டாங்கன்னு உன்ன ஒரு வார்த்த சொல்லிட்டா இன்னா பண்றது?"

தாளை நேராக வைத்து, அவர் விரும்புவது என்ன என்று கேட்டேன். போரில் காயமடைந்தவர்களுக்கு ஒரு பதக்கம் உண்டு என்றும், அதற்கு முதலில் பணிப்பதிவேட்டில் காயம் போர்க்காயம் என்று இருக்க வேண்டும் என்றும் விளக்கினார்.

"பதக்கம் வந்தா வருது. மொதல்ல அந்த லாரிய என் மேல இருந்து எடுக்கணும்."

கள்ளக்குறிச்சியில் எக்ஸ்ரே எடுத்தோம். தொடை எலும்பை ஒட்டி நகக்கண் அளவில் வெள்ளையாக ஒரு துண்டு தெரிந்தது. அதை இணைத்து மனு அனுப்பினோம். பல மாதங்கள் கழித்து வடக்கிலிருந்து பதில் வந்தது. போர்க்களத்துத் தற்காலிக மருத்துவ முகாமின் தாள்கள் எதுவும் கோப்பில் இல்லையாம். காயத்தைப் பற்றி இருப்பது ஒரே ஒரு ஆவணம்தானாம். அதன் நகலை இணைத்திருந்தார்கள். முன்சீப்பின் முத்திரை, அதற்கு மேலே, சற்றே வலப்புறம் சாய்ந்த என் கையெழுத்து.

நான் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

அந்தப் பதிலுக்கு விளக்கம் கேட்கக் கள்ளக்குறிச்சியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இருவரும் போனோம். கோப்பைப் பார்த்தவர் மரியாதையானவர்; உட்கார நாற்காலி போடச் சொன்னார். பிறகு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இரும்பு தெரியுதுங்க ஐயா. அது எங்க, எப்ப, யாரு சுட்டதுன்னு இதுல தெரியலயே."

"அப்ப சுட்டவன்கிட்டயே ஒரு கையெழுத்து வாங்கியாரட்டுங்களா சார்?" என்றார் அண்ணன்.

அவர் சிரிக்கவில்லை. அறுவை செய்து துண்டை எடுத்தால் பரிசோதனைக்கு அனுப்பலாமே என்று யோசனை சொன்னார். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எழுபதைக் கடந்த ஒருவரின் தொடையை அறுத்து மேசைமேல் வைக்கச் சொல்கிறோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. எனக்குக் கோபம் மூண்டது அங்கேதான். ஆனால் குரலை உயர்த்தாமல், அந்த மனுவை எழுதியவள் நான்தான், அது பொய் என்று தெரியாமல் எழுதினேன், இப்போது அதை மறுத்து உறுதிமொழி தருகிறேன் என்றேன். நெருங்கிய உறவினரின் வாக்குமூலத்துக்கு மதிப்பு குறைவு என்று பதில் வந்தது. எல்லைக்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து, எதையும் பார்க்காத ஒரு சின்னப்பெண் எழுதியது அரசாங்கத்துக்கு அத்தாட்சி. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளின் விடைத்தாள்களில் பிழை திருத்திய கிழவி, அதே கையால், தன் பிழையைத் தானே திருத்துகிறேன் என்றால் அதை ஏற்க விதியில்லை. இரண்டு நேரத்திலும் நான் அண்ணனுக்குத் தங்கைதானே? அன்று மட்டும் எப்படி அந்நியளானேன்?

உறவினரல்லாத சாட்சி வேண்டும் என்றார்கள். ஒருவர் இருந்தார். கல்வராயன் மலைக்காரர், அதே படைப்பிரிவில் சமையல்காரராக இருந்தவர். கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்தில் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் போனோம். மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஓட்டு வீடு. அண்ணனைக் கண்டதும் அவர் எழுந்து நிற்கக்கூட இல்லை. எப்போது பார்த்தாலும் சோறு கேட்டு வருகிறவன் வந்துவிட்டான் என்று மகளிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

நடந்ததை அவர் சொல்லித்தான் முழுதாக அறிந்தேன். பதுங்குகுழியில் இருந்தவர்களுக்குச் சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த குழியில் ஒருவன் அடிபட்டுக் கத்தவே, அண்ணன் எழுந்து அவனை இழுக்கப் போயிருக்கிறார். அப்போதுதான் எதிரி சுட்ட பீரங்கிக் குண்டு வெடித்துச் சிதறி அவர் தொடையில் பாய்ந்தது.

"அண்டாவ அங்கயே போட்டுட்டு இவனத் தோள்ல போட்டுக்கினு ஓடியாந்தேன். அந்த அண்டாவுக்குக் கூட விசாரண வெச்சாங்க, தாயி. ஏன் தொலச்சன்னு எழுதி வாங்கினாங்க. இவனப் பத்தி ஒருத்தனும் கேக்கல."

அதையும் வாக்குமூலத்தில் எழுதினேன். அவர் தம் பெயரைத் தாமே எழுதிக் கையெழுத்திட்டார். இதற்கு வந்த பதிலை என்னால் இன்றும் பொறுமையோடு நினைக்க முடியவில்லை. சாட்சி சமையல் பிரிவைச் சேர்ந்தவர் என்பதால், மோதல் நடந்த இடத்தில் அவர் இருந்திருக்க வாய்ப்பில்லை என்று எழுதியிருந்தார்கள். குழியில் இருந்தவர்கள் எதை உண்டு போரிட்டார்கள் என்று எழுதியவர் நினைத்தார்? சோறு தானாக நடந்தா போயிற்று? தொலைந்த அண்டாவுக்கு நடந்த விசாரணையின் தாளைத் தேடிப் பாருங்கள், அவர் எங்கே இருந்தார் என்பது அதில் இருக்கும் என்று நான்கு பக்கம் எழுதினேன். அந்தத் தாள் கிடைக்கவில்லை. ஆனால் முதல் முறையாக ஒரு வாசல் லேசாகத் திறந்தது. சாட்சி நேரில் வந்தால் விசாரிக்கலாம் என்று நாள் குறித்து அனுப்பினார்கள்.

அண்ணன் தம் பழைய கறுப்புக் காலணியை எடுத்து மெருகேற்றினார். நாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் மலையிலிருந்து சமையல்காரரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். மழையில் காய்ச்சல் கண்டு, கீழே கொண்டுவருவதற்குள் அவர் போய்விட்டார். அண்ணன் அன்று முழுவதும் எதுவும் உண்ணவில்லை. மறுநாள் மலைக்குப் போய் மண் போட்டுவிட்டு வந்தார்.

இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பினோம். புதிதாக ஒரு படிவம் வந்தது. அண்ணன் எதிரே உட்கார்ந்து, நான் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்டுடலாமா பாப்பா?"

"ஒக்காருண்ணே. இன்னும் ரெண்டு கட்டந்தான் இருக்குது" என்றேன்.

தற்போது உயிருடன் உள்ள சாட்சிகள், எண்ணிக்கை, மனுதாரருடன் உள்ள தொடர்பு என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில், தங்கை, பழைய மனுவை எழுதியவள் என்று அதே சாய்ந்த கையெழுத்தில் எழுதி முடித்தேன்.