மாமா மேல விழுந்த ஈஸ்ட் பழி

பூசணம் பிடிச்சா எல்லாரும் தூக்கிப் போடுவாங்க. எங்க அக்கா மட்டும் அதைப் பஞ்சுக்குச்சியால தொட்டு, சின்னக் குப்பியில போட்டு, பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரி கொண்டுபோவா. பழைய ஓவியம், மரச்சிலை, தோல் அட்டை புஸ்தகம்னு எதை எந்தக் கிருமி தின்னுதுன்னு கண்டுபிடிக்கிறது அவ உத்தியோகம். யார் வீட்டுக்குப் போனாலும் மொதல்ல குளியலறை மூலையைத்தான் எட்டிப் பாப்பா. பாத்துட்டு, "நல்லா இருக்கீங்களா"ன்னு கேப்பா. மனுஷங்களையா மூலையையான்னு யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்டவளுக்கு வாச்ச புருஷன் ரொட்டிக்கடைக்காரர். மாமா தும்முனா தெருவே வெள்ளையாயிடும். மாவு இல்லாம அவரைப் பாத்தா நாங்களே யாருன்னு கேப்போம். ரொட்டி வேனை ஓட்டுறது நானு. அக்காவோட ஏணியும் அதுலதான் போவும்.

பழைய மாளிகை ஒண்ணுல கூடம் முழுக்க சுவத்து ஓவியம். நீலத் துணி உடுத்துன ராணி, பின்னால குதிரைக் கூட்டம். குதிரைங்க மூஞ்சியில கருப்புப் புள்ளி வர ஆரம்பிச்சிடுச்சு. அக்காவோட அதிகாரி, எல்லாரும் பெரியவர்னு கூப்பிடுறவர், "மருந்தடிச்சுக் கொன்னுடலாம்"னாரு.

"சார், அந்த மருந்து நீலத்தைச் சாம்பலாக்கிடும். துண்டு ஒண்ணுல அடிச்சுப் பாத்துட்டேன். அங்க எது உயிரோட இருக்கு, எதைத் தின்னுதுன்னு தெரிஞ்சுக்காம அடிக்கக் கூடாது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரம் காட்டும்மா. இல்லன்னா அடிச்சிடுவோம்."

அக்கா குச்சியோட ஏணி ஏறுனா. ரெண்டு சோதனை. டிஎன்ஏ பாத்தா அந்தச் சுவத்துல இருந்தவன், செத்தவன் எல்லாரும் தெரிவாங்களாம், காலி பண்ணிட்டுப் போன குடித்தனக்காரன் பேரு கதவுல இருக்கிற மாதிரி. ஆர்என்ஏ பாத்தாத்தான் எந்த வீட்டுல இப்ப அடுப்பெரியுதுன்னு தெரியுமாம். அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நூறு தடவை சொன்னா, நூத்தியோராவது தடவை பாதி புரிஞ்சுது.

முடிவு வந்துச்சு. பூசணம் இருக்கு. கூடவே ஈஸ்ட் இருக்கு. மாமா மாவைப் புளிக்க வைக்கிற அதே ஈஸ்ட்.

ஆய்வுக்கூடமே சிரிச்சிருக்கு. பெரியவர் மட்டும் சிரிக்கல. "உன் வீட்டுக்காரர் மாவெல்லாம் குச்சியில ஒட்டியிருக்கு. இதை நம்பி எப்படிம்மா மருந்தை நிறுத்துறது"ன்னு கேட்டாராம்.

அக்கா வீட்டுக்கு வந்தா. மாமா கதவைத் தொறந்தாரு, கையெல்லாம் மாவு.

"இன்னும் ரெண்டு நாளைக்கு நீங்க கடையிலேயே படுத்துக்கங்க."

"நான் என்னடி பண்ணேன்?"

"ராணி மேல உங்க ஈஸ்ட் இருக்கு."

மாமா என்னைப் பாத்தாரு. "மாப்ள, நான் எந்த ராணியையும் கண்ணால கூடப் பாத்ததில்லடா. நீயாவது சொல்லு."

"எனக்கென்ன தெரியும் மாமா, டிஎன்ஏ பொய் சொல்லாதாமே"ன்னேன். அன்னிக்கு எனக்கு டீ கிடைக்கல.

தலகாணியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அவரு போனதைப் பாத்தா நாட்டை விட்டே தொரத்துன மாதிரி இருந்துச்சு. அக்கா துணி எல்லாத்தையும் கொதிக்க வெச்சுத் துவைச்சா, வேனைக் கழுவச் சொன்னா, என்னையும் கழுவிக்கச் சொன்னா. மறுபடியும் ஏணி ஏறுனா. இந்தத் தடவை சுவத்தைத் தொடாம, காத்துல மட்டும் காட்டுன குச்சி ஒண்ணையும் சேத்து அனுப்புனா. அவகிட்டயிருந்து ஈஸ்ட் ஒட்டியிருந்தா அந்தக் குச்சி காட்டிக் கொடுத்துடும்.

வெள்ளிக்கிழமை நான் ஏணியைத் தூக்கிட்டுக் கூடத்துல நிக்கிறேன். மருந்துக்காரன் தொட்டியோட தயாரா இருக்கான். அக்கா ஓவியத்தோட படத்தை விரிச்சு, வெறுங்குச்சி சுத்தமா இருந்ததைச் சொன்னா.

"ஈஸ்ட் சுவத்துல தான் சார் இருக்கு. செத்த ஈஸ்ட். அதுவும் ஓவியம் பளிச்சுனு இருக்கிற எடத்துல மட்டும். மேல புகை படிஞ்சு கெடக்குதே, அங்க துளி இல்ல. உயிரோட இருக்கிற பூசணமும் பளிச்சுனு இருக்கிற எடத்துல மட்டும் தான். யாரோ எதையோ வெச்சுத் தேச்சிருக்காங்க. மிச்சத்தை இது தின்னுது."

பெரியவர் குதிரையைப் பாத்தாரு. ராணியைப் பாத்தாரு. அப்புறம் தரையைப் பாத்தாரு.

"ரொட்டி"ன்னாரு.

"என்ன சார்?"

"நான் வேலைக்குச் சேந்த புதுசு. ரொட்டியோட நடுப்பகுதியை உருட்டித் தேச்சா புகைக்கறை அப்படியே வந்துடும். அப்ப எல்லாருமே அப்படித்தான் செஞ்சோம். கை எட்டுன வரைக்கும் நான்தான் தேச்சேன்." சுவத்துக்கிட்ட குனிஞ்சு பாத்து, "துகள் சுவத்து வெடிப்புல நின்னுபோச்சு போல"ன்னாரு.

மருந்துக்காரனைத் தொட்டியோட திருப்பி அனுப்பிட்டாங்க. கூடத்து ஈரத்தைக் குறைச்சுட்டு, மெல்லிசு பிரஷ்ஷால ரொட்டித் துகளைத் தட்டி, சின்னக் குழாயால உறிஞ்சி எடுக்கணும்னு முடிவாச்சு. மொதல்ல ஒரு குதிரை மூஞ்சியில செஞ்சு பாக்கணும், அதுல திரும்ப முளைக்கலன்னாத்தான் மத்ததுன்னு அக்கா கறாரா சொல்லிட்டா.

வேன் நேரா கடைக்குத்தான் போச்சு. மாமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தாரு. அக்கா பக்கத்துல போயி நின்னா.

"உங்க ஈஸ்ட் இல்லயாம்."

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"வீட்டுக்கு வாங்க."

"நாலு பேரு முன்னால தொரத்துன. நாலு பேரு முன்னால கூப்பிடு."

கடையில இருந்தது நான் ஒருத்தன்தான். அக்கா என்னை ஒரு தடவை பாத்தா, அவரை ஒரு தடவை பாத்தா. வளையலைக் கழட்டி வெச்சுட்டு, சட்டிக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டு அவரு கூடச் சேந்து பெசைய ஆரம்பிச்சா.