வெற்றிலைப் பச்சையில் ஒரு கிடார்

நான் கதவும் நிலையும் செய்கிறவன். விளாங்குடியில் வீட்டுக்கு முன்னால் தகரம் இறக்கிப் பட்டறை போட்டிருக்கிறேன். கட்டில் செய்வேன், அலமாரி செய்வேன். கிடார் செய்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

செய்ய வைத்தவன் என் மனைவியின் தம்பி. மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். காலையில் கொடிக்காலில் நிற்பான். சாயங்காலமானால் பாட்டுக் கச்சேரி. திருவிழாக்களுக்குப் போகிற ஒரு மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிறான்.

ஒருநாள் சாக்குப் பை ஒன்றைக் கொண்டுவந்து பட்டறையில் வைத்தான். பிரித்தேன். கிடார் இரண்டு துண்டாகக் கிடந்தது.

“வேன்ல ஸ்பீக்கர் பெட்டி சரிஞ்சு விழுந்துருச்சு மச்சான்.”

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கழுத்து தலைப்பக்கம் முறிந்திருந்தது. உடம்பு ஒட்டுப்பலகை. ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது.

“இத ஒட்ட முடியாது மாப்ள. ஒட்டுனாலும் நிக்காது.”

“ஒட்டச் சொல்லல. புதுசாச் செஞ்சு தாங்க.”

உள்ளேயிருந்து என் மனைவி சத்தம் கொடுத்தாள். “கொசுவலைக் கதவு செஞ்சு தாரேன்னு சொல்லி எம்புட்டு நாளாச்சு. அதையே காணோம். இதுல கிடாராம்ல.”

அவன் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னான். அடுத்த கச்சேரி சோழவந்தான் திருவிழாவில். அவனுடைய சொந்த ஊர். குழுவை நடத்துகிறவர் தீர்த்துச் சொல்லிவிட்டாராம். கிடார் இல்லையென்றால் அந்த இடத்தையெல்லாம் கீபோர்டுக்காரரே வாசித்துவிடுவார். ஒரு தடவை அப்படிப் பழகிவிட்டால் அப்புறம் வேனில் கிடாருக்கு இடமில்லை.

“ஊர்ல எல்லாரும் முன்னால உக்காந்திருப்பாங்க மச்சான். நான் கீழ நின்னு பாக்கணுமா?”

புதிது வாங்குகிற நிலைமையில் அவனும் இல்லை, நானும் இல்லை. முறிந்த கழுத்தைக் கையில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தேன். ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் தட்டை. இழைப்புளி போகிற வேலைதான். கை துறுதுறுத்தது.

“வச்சுட்டுப் போ” என்றேன்.

பழையதில் உருப்படியாக இருந்ததையெல்லாம் முதலில் கழற்றினேன். தந்தியை முறுக்குகிற திருகாணிகள், கீழே தந்தியைத் தாங்குகிற இரும்பு, சத்தத்தை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காந்தக் கட்டைகள், கழுத்து வளையாமல் இருக்க அதற்குள் ஓடும் கம்பி. எல்லாம் நன்றாக இருந்தன. ஆக எனக்கு மர வேலை மட்டும்தான்.

உடம்புக்கு மலைவேம்பு. என் மாமனார் வரப்போரம் நின்ற மரத்தை அறுத்தபோது எனக்குப் பலகை போட்டிருந்தார். காய்ந்து, பூப்போல எடை இல்லாமல் கிடந்தது. கழுத்துக்குக் கதவு வேலையில் மிஞ்சிய தேக்கு. கழுத்தின் மேல் விரல் ஓடுகிற பலகைக்கு மட்டும் கெட்டியான மரம் வேண்டும். ஈட்டி மரம் தேடிக் கீழவாசல் பக்கம் போனேன். அங்கே பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கிற பாய் எனக்குப் பழக்கம்.

“வாங்க மேஸ்திரி. நிலைக்கா, கதவுக்கா?”

“கிடாருக்கு பாய்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “கட்டிலுக்குக் கேட்டிருக்காங்க. தொட்டிலுக்குக் கேட்டிருக்காங்க. கிடாருக்கு இன்னைக்குத்தான் கேக்குறாங்க.”

எழுந்து உள்ளே போனார். ஒரு ஈஸிசேரின் இரண்டு கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்து ஈஸிசேர். காலை நீட்டிப் போட்டுக்கொள்ள வசதியாக, கை முழ நீளத்துக்கு மேல் தட்டையாகப் போகும். நகத்தால் சுரண்டினேன். உள்ளே கருஞ்சிவப்பு. விரலால் தட்டினேன். கிண்ணென்றது.

“எத்தன பேரு இதுல கைய வச்சுத் தூங்குனாங்களோ. முழிச்சிருக்கட்டும் இனிமே” என்றார் பாய்.

ஒரு கை போதும். ஜோடியாகத்தான் தருவேன் என்றார். வாங்கி வந்தேன். மிச்சக் கையை என் மனைவி அன்றே எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் மசாலா டப்பா அடுக்கப் பலகையாக வைத்துக்கொண்டாள். “கொசுவலைக் கதவுக்குப் பதிலா இதாவது கெடச்சுச்சே” என்றாள்.

வேலை ஆரம்பித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கதவு நாற்பக்கமும் நேர்கோடு. இதில் ஒரு இடம்கூட நேர்கோடு இல்லை. உடம்பின் வளைவை அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தடவத் தடவக் கை அங்கேயே நின்றது. மாப்ள போனில் வீடியோ போட்டுக் காட்டுவான். வெள்ளைக்காரன் ஒருவன் கிடார் செய்வான். அவனுக்குப் பள்ளம் தோண்ட ஒரு மிஷின், வளைவுக்கு ஒரு மிஷின்.

“நம்மகிட்ட அதெல்லாம் இல்லயே மச்சான்.”

“உளி இருக்குல்ல. போனை அணைச்சிட்டு அந்தப் பலகையைப் புடி.”

அடுத்தது விரல் பலகை. கழுத்தின் மேல் குறுக்கே ஏணிப்படி மாதிரி சின்ன உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். ஃப்ரெட் என்று மாப்ள சொல்வான். மேலே போகப் போக இடைவெளி குறுகிக்கொண்டே போகும். விரலை எங்கே அழுத்தினால் எந்தச் சுரம் என்று முடிவு செய்வது அந்தக் கம்பிகள்தான். பழைய கழுத்தை வைத்து ஒரு ஃப்ரெட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு அளந்தேன். புதுப் பலகையில் குறித்தேன். கம்பி இறங்குகிற ஆழத்துக்கு மட்டும் தடம் அறுத்தேன். அடுத்தது அளந்தேன், குறித்தேன், அறுத்தேன். சீராகப் போனது வேலை. பழைய கழுத்திலிருந்து கம்பிகளைக் குறடால் உருவி இதில் தட்டி இறக்கினேன். விரல் பலகையைக் கழுத்தோடு பசை போட்டு இறுக்கினேன்.

நடுவில் வண்ணச் சண்டை. அவன் சிவப்பு என்று நின்றான்.

“சிவப்பு எல்லாரும் வச்சிருக்கான். கொடிக்கால்காரன் நீ. பச்சை அடி” என்றேன்.

அவன் மறுநாள் ஒரு வெற்றிலையோடு வந்தான். இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு வண்டிப் பெயிண்டு கலந்து தருகிற கடைக்குப் போனோம்.

“எந்தக் கம்பெனி கலருண்ணே?” என்றார் கடைக்காரர். மாப்ள வெற்றிலையை நீட்டினான். அவர் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். “முன்பக்கமா, பின்பக்கமா?”

“முன்பக்கம். பறிச்ச அன்னைக்கு இருக்குமே, அந்தப் பச்சை.”

கலந்து தந்தார். திண்டுக்கல் ரோட்டுத் தூசி வராமல் பட்டறையைச் சுற்றிப் பழைய சேலை கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, ஸ்பிரே கன்னைப் பிடித்தேன். மூன்று தடவை அடித்தேன். ஒவ்வொரு தடவையும் காயவிட்டு, தண்ணீர் தொட்டு நீர்த்தாளால் தேய்த்தேன். கடைசியில் மேலே நிறமில்லாத பாலிஷ். காய்ந்ததும் வெயிலில் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் தெளித்த வெற்றிலை மாதிரி மின்னியது. ஆயிரம் கதவு செய்திருப்பேன். ஒன்றையும் இப்படித் தூக்கிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டினோம். தந்தி கட்டினோம். ஸ்பீக்கர் இல்லை. வீட்டு டிவிக்கு வைத்திருந்த ஹோம் தியேட்டரில் ஒயரைச் சொருகினான்.

“தட்டவா மச்சான்?”

“தட்டு.”

ஒரே தந்தி. தடித்த தந்தி. சத்தம் தரை வழியாக வந்து என் காலில் ஏறியது. அடுப்படியில் டப்பாக்கள் கடகடத்தன. என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். “யாத்தே!” என்றாள். மாப்ள என்னைக் கட்டிப் பிடித்தான். அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. நானும் அப்படி நிற்கிறவன் இல்லை.

அப்புறம் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தான். கீழ் சுரங்கள் நன்றாக இருந்தன. விரல் மேலே போனது. அவன் முகம் மாறியது. போனில் சுருதி பார்க்கிற ஆப்பைப் போட்டான். வெறும் தந்திக்குப் பச்சை விளக்கு. மேலே அழுத்தினால் சிவப்பு.

“ஏறுது மச்சான். மேல போகப் போக ஏறிக்கிட்டே போகுது.”

“தந்திய முறுக்கு.”

“தந்தி இல்ல. கட்டம் தப்பு.”

பழைய கழுத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். முதல் தடம் சேர்ந்திருந்தது. இரண்டாவதில் ஒரு மயிரிழை. அப்புறம் கொஞ்சம் கூட. நடுக்கழுத்துக்கு வரும்போது கால் அங்குலம் தள்ளிப் போயிருந்தது.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கை செய்த வேலை. பலகையைத் துண்டு போடும்போது ரம்பம் கொஞ்சம் மரத்தைத் தின்னும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் ரம்பத்தின் கனத்தைச் சேர்த்துத்தான் குறிப்போம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். இங்கேயும் ஒவ்வொரு குறிக்கும் சேர்த்துவிட்டது. ஆனால் இது துண்டாகப் போகிற பலகை இல்லை. வெட்டினாலும் ஒரே பலகையாகத்தான் இருக்கிறது. சேர்த்த கனமெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநகரில் ரிகர்சல். அன்றே சாயங்காலம் சோழவந்தானில் கச்சேரி.

மாப்ள கிடாரைக் கீழே வைத்தான். “விடுங்க மச்சான். கீழ்க் கட்டத்துலயே வாசிச்சு ஒப்பேத்திருவேன்.”

“ஒப்பேத்துறதுக்கா செஞ்சேன்?”

எழுந்தேன். அடுப்படிக்குப் போனேன். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் மசாலாப் பலகையைப் பார்த்தேன். அவள் மிளகாய்ப்பொடி டப்பாவை இறக்கினாள். மல்லிப்பொடியை இறக்கினாள். எல்லாம் இறக்கி, பலகையை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

“அப்படியே அயர்ன் பாக்ஸையும் எடு” என்றேன்.

“அது எதுக்கு?”

“சட்டை தேய்க்க இல்ல.”

தந்தியையெல்லாம் தளர்த்தி எடுத்துவிட்டு விரல் பலகையின் மேல் அயர்ன் பாக்ஸை வைத்துச் சூடு ஏற்றினேன். பசை இளகியது. மெல்லிய தகடு ஒன்றைக் கொடுத்து ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினேன். அவசரப்பட்டால் தேக்கும் சேர்ந்து உரியும். மாப்ள கிடாரை அசையாமல் பிடித்துக்கொண்டான். டக்கென்று விட்டது. கழுத்துக்கு ஒரு கீறல் இல்லை.

சனிக்கிழமை காலையில் ஈஸிசேரின் இரண்டாவது கையை இழைத்தேன். உள்ளே முதல் கையைவிட நல்ல ரேகை. இழைப்புளி போகப் போக மிளகாய்ப்பொடி வாசம். இரண்டு பேருக்கும் தும்மல். தும்மலுக்கு நடுவில் சிரிப்பு. இந்தத் தடவை அளக்கவே இல்லை. பழைய கழுத்தையும் புதுப் பலகையையும் ஒட்டிப் படுக்க வைத்து இறுக்கினேன். பழைய தடத்தின் மேல் மூலைமட்டத்தை வைத்து அப்படியே இந்தப் பக்கம் கோடு இழுத்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் மாப்ள குனிந்து பார்த்துத் தலையாட்டினான். கையை ஏதும் சேர்க்கவிடவில்லை. கோட்டின் நடுவிலேயே ரம்பத்தை வைத்தேன்.

கம்பிகளை மறுபடி உருவி, நிமிர்த்தி, தட்டி இறக்கினேன். கழுத்தில் ஒட்டி இறுக்கி வைத்தேன். பசை காய வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது.

ஞாயிறு விடிந்ததும் தந்தி கட்டினோம். வீட்டில் சோதித்துப் பார்க்கவில்லை. நேரம் இல்லை என்று அவன் சொன்னான். பயம் என்று எனக்குத் தெரியும். போர்வையில் சுற்றி அவன் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, நான் பைக்கை எடுத்தேன். திருநகர் வரை ஒரு பள்ளத்தில் விடவில்லை.

ரிகர்சல் ஒரு மாடி ஹாலில். மாப்ள போர்வையைப் பிரித்ததும் குழு நடத்துகிறவர் பார்த்தார்.

“என்னப்பா, வெத்தலைய மாட்டிக்கிட்டு வந்திருக்க? பாக்கு எங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். மாப்ள ஒயரைச் சொருகினான். அவர் கீபோர்டுக்காரரைப் பார்த்தார். “ஒரு சுரம் குடு. அதையே நீ வாசி.”

கீபோர்டு ஒலித்தது. கிடார் ஒலித்தது. இரண்டும் ஒன்றாக இருந்தது.

“மேல போ.”

போனான். ஒன்றாக இருந்தது.

“இன்னும் மேல.”

நடுக்கழுத்தைத் தாண்டினான். தப்பிப் போயிருந்த இடம் அதுதான். விரலை அழுத்தினான். இரண்டு சத்தமும் ஒரே சத்தமாகப் போய்ச் சேர்ந்தது. கீபோர்டுக்காரர் கையை எடுத்தார். கிடார் மட்டும் நீளமாக நின்று ஒலித்துக்கொண்டிருந்தது. மாப்ள என்னைப் பார்க்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அவர் கொஞ்ச நேரம் கேட்டார். “சரி. வேன்ல ஏத்துங்க” என்றார்.

அம்புட்டுத்தான். எனக்கு அது போதும்.

மத்தியானம் வேனில் சாமான் ஏற்றினார்கள். ஸ்பீக்கர் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பழையபடியே அடுக்கினார்கள். கிடாரை அதற்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப் போனான் மாப்ள.

“குடு இங்க” என்றேன். வாங்கிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்களுமா வாரீங்க மச்சான்?”

“பின்ன?”

வேன் கிளம்பும்போது வீட்டிலிருந்து போன்.

“எங்கன இருக்கீங்க? கதவு கேட்டு ஆளு வந்து நிக்குது.”

“நாளைக்கு வரச் சொல்லு. நான் சோழவந்தான் போறேன்.”

“நீங்க போயி என்ன பண்ணப் போறீங்க?”

“கிடாரு மடியில இருக்கு.”

“அப்ப நானும் பஸ்ஸப் புடிச்சு வாரேன். முன்னால எடம் போட்டு வையிங்க” என்றாள்.

வேகத்தடையில் வேன் தூக்கிப் போட்டது. பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான் கிடாரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.