மங்களத்தின் விரலுக்குச் சேர்ந்த கீபோர்டு

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் காலை. மலாக்கா பக்கத்துச் சிம்பாங் அம்பாட் கடைவீதியில் ரங்கசாமியின் அச்சகத்தைத் திறந்து, கம்ப்யூட்டரைத் தட்டி உட்கார்ந்த மங்களத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கையே வைக்கவில்லை. திரையில் 'க' எழுத்து தானாக வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், அந்த விசை உள்ளே போனது போனபடியே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. முதல் நாள் காகிதம் வெட்டும் மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்தவளுக்கு, கீபோர்டை மட்டும் ஒதுக்க மனசு வரவில்லை. சந்தனத்தைப் பன்னீர் விட்டுத் தளரக் கரைத்து, ஒவ்வொரு வரிசையிலும் தாராளமாக வைத்துக் கும்பிட்டாள். முன்பிருந்த தமிழ் டைப்ரைட்டர் எத்தனையோ வருஷம் இதே சந்தனத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் உழைத்தது. கீபோர்டுக்கு அந்தப் பொறுமை இல்லை.

"நீ சாமி கும்பிட்டியா, இல்ல அபிஷேகம் பண்ணிட்டியா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் ரங்கசாமி.

"கொஞ்சம் தண்ணியாப் போச்சுண்ணே" என்றாள் மங்களம்.

மங்களம் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள். அங்கேயே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததும், அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டாள். தோட்டம் கைமாறி வீடுகள் கட்ட ஆரம்பித்த பிறகு, புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலை செய்யும் வீரமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டாள். ரங்கசாமி அவளைக் கல்யாணக் கார்டு மடிக்கத்தான் வேலைக்கு எடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் டைப்ரைட்டர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, தானே டைப் பழகிக்கொண்டாள். கம்ப்யூட்டர் வந்தபோது தமிழ் எழுத்துகள் அதே இடத்தில் இருந்ததால் பயப்படவே இல்லை. முருகன் படத்துக்கு எதிரே இருந்த அந்த நாற்காலி, அந்த முருகனே பார்த்துக் கொடுத்தது என்று நம்பினாள்.

ரங்கசாமி வேறு கீபோர்டு வாங்கி வந்தார். மெல்லிசு, சத்தமே இல்லை. அதுதான் வம்பு. அழுந்தியதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. பால் வெட்டும்போது கத்தி பட்டையில் எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். அதிகமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். அப்படிப் பழகிய கை அவளுடையது. பதில் சொல்லாத விசையை இன்னும் ஓங்கி அடித்தாள். எழுத்துகள் இரட்டை இரட்டையாக விழுந்தன.

மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸைப் பார்க்க வந்த செயலாளர் மணியம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்ன மங்களம், நோட்டீஸுக்குக் காய்ச்சலா? ஒவ்வொரு வார்த்தையும் நடுங்குதே!"

அவர் போனதும் ரங்கசாமி சொல்லிவிட்டார். "உன் கை பழைய கைம்மா. இனிமே மோகனா உக்காரட்டும். நீ மறுபடியும் கார்டு மடி."

மோகனா அவர் அண்ணன் மகள், அப்போதுதான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தவள். "நான் கேக்கல லா அக்கா" என்றாள் சங்கடத்தோடு.

மங்களம் அழவில்லை. "அண்ணே, செருப்பு கடிச்சா செருப்பத்தானே மாத்துறோம்? இது எனக்குச் சேரல. நானே போய் ஒண்ணு பாத்து எடுத்துட்டு வரேன். அதுலயும் இந்த நோட்டீஸு தப்பா வந்தா, நீங்க சொல்ல வேணாம், நானே எந்திரிச்சுடறேன்."

ரங்கசாமி தலையை ஆட்டினார். "சரி, போய்ட்டு வா லா."

மறுநாளே பஸ் பிடித்து மலாக்கா டவுனுக்குப் போனாள். கம்ப்யூட்டர் கடையில் புவனேஷ் என்ற விற்பனையாளர் இருந்தார்.

"எல்லாம் ஒண்ணுதான் ஆன்ட்டி. அடிச்சா எழுத்து வரும்."

"புருஷனும் கட்டிக்கிட்டா சம்பாரிச்சுப் போடுறவருதான். அதுக்காக எல்லாரும் ஒண்ணா தம்பி?"

புவனேஷ் சிரித்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மங்களம் அதை மேசைக்குச் சரியாக இழுத்துக்கொண்டு, "முருகா" என்று ஆரம்பித்தாள்.

முதலில் வந்தது நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் சரிந்த கீபோர்டு. மணிக்கட்டுக்கு நல்லது என்றார் புவனேஷ். ஆனால் பழக்கதோஷத்தில் அவளுடைய வலது ஆள்காட்டி விரல் இடது பக்கத்து எழுத்துக்குத் தாவும். ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் விழுந்தது.

"இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உக்காந்து அடிக்கிற மாதிரி இருக்கு. வேணாம்."

அடுத்தது நல்ல கனம். தொட்டதும் டக் டக்கென்று டைப்ரைட்டர் மாதிரியே சத்தம். மங்களத்தின் முகம் மலர்ந்துவிட்டது. புவனேஷ் பெட்டியை எடுக்கப் போனார்.

"இருங்க தம்பி. ரெண்டு வரி அடிச்சிட்டு ஒண்ணும் சொல்லக் கூடாது."

திருவிழா நோட்டீஸ் முழுவதையும் மனப்பாடமாக அடித்தாள். பாதிக்குள் சுண்டுவிரல் வலித்தது. முக்கால்வாசியில் தோள் இறங்கியது. கடைசி வரிகளில் எழுத்துகள் விட்டுப்போயின. அவள் அந்தக் கீபோர்டை லேசாகத் தட்டிக்கொடுத்தாள்.

"சத்தம் என்னமோ பழைய சிநேகிதி மாதிரிதான். ஆனா நாள் முழுக்க இவகூட மல்லுக்கட்ட முடியாது."

கீழ்த்தட்டில் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. பார்வைக்கு ஒன்றுமில்லை. அமுக்கினாள். பாதி தூரத்தில் விசை சிறிது தயங்கியது, பிறகு விட்டுக்கொடுத்தது, கையை எடுப்பதற்குள் மேலே வந்து விரலைத் தொட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கும் அடியில் சின்னச் சின்ன மேடு, 'இதுதான் உன் இடம்' என்பது போல. நோட்டீஸ் மறுபடியும் முதலிலிருந்து முடிவு வரை ஓடியது. விரல் அழவில்லை.

பிறகு ஒரு விசையை நகத்தால் நெம்பினாள்.

"ஐயோ, பிடுங்கிடாதீங்க ஆன்ட்டி!"

"கழட்டித் தொடச்சி மாட்டலாமா?"

"மாட்டலாம். எதுக்கு?"

"சரஸ்வதி பூசை வருஷா வருஷம் வருதே தம்பி."

அந்தச் சாம்பல் நிறக் கீபோர்டோடு அச்சகத்துக்கு வந்ததும் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களைத் தானே ஒவ்வொன்றாக ஒட்டினாள். முருகனைப் பார்த்துக்கொண்டாள். ரங்கசாமியும் மோகனாவும் பின்னால் நிற்க, நோட்டீஸை அடித்து முடித்தாள். மணியம் வந்து வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். ஒரு தடவை போதாமல் இன்னொரு தடவையும் படித்தார்.

"காய்ச்சல் விட்டிருச்சு. அச்சுக்குக் கொடுங்க."

ரங்கசாமி, மங்களத்துக்காகக் குவித்து வைத்திருந்த கல்யாணக் கார்டுகளை அள்ளித் தன் மேசைக்குக் கொண்டுபோய், "வா மோகனா, நாம மடிப்போம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மங்களம் புதுக் கீபோர்டுக்கும் பொட்டு வைத்தாள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, விசைப் பக்கமே போகாமல், மேல் விளிம்பில் ஒரே ஒரு பொட்டு. ரங்கசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

அவள் அதை மெதுவாக ஊதினாள். விரலால் தொட்டும் பார்த்தாள்.

"காஞ்சிருச்சு அண்ணே, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.