இலட்சுமிப்பிள்ளை ஏறாத கெப்

இடப்பக்கம் ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு. முன்னால் கிடப்பது நேரான வீதி. வளைவு இல்லை, குழி இல்லை, குறுக்கே ஒரு கோழிகூட இல்லை. ஆனாலும் நல்லரத்தினத்தின் கைகள் ஸ்டியரிங்கைச் சும்மா விடுவதில்லை. அவருடைய பென்னாம்பெரிய டபுள் கெப், காற்றடிக்கும் நாளில் வாவிக்குள் போகும் தோணியைப் போல ஆடி அசைந்து வருகிறது. எதிரே வரும் முச்சக்கர வண்டிகள் தூரத்திலேயே கண்டு ஓரமாக ஒதுங்கி நிற்கின்றன.

"பாத்தீங்களா, ஊருக்குள்ள எனக்கிருக்கிற மரியாதைய," என்கிறார் நல்லரத்தினம்.

வயது ஐம்பத்து மூன்று. ஊர் செட்டிபாளையம். பதினான்கு வயதில் தோணி ஏறியவர், முப்பத்தைந்து வருடம் வாவியில் வலை போட்டார். நான்கு வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு நிறுவனம் ஏலத்தில் கழித்துவிட்ட இந்தக் கெப்பை எடுத்து, பின்பக்கத் திறந்த தட்டில் ஐஸ் பெட்டியும் மீனும் நெல் மூட்டையும் ஏற்றத் தொடங்கினார். தொழில் மாறியது, பேச்சு மாறவில்லை. வண்டியின் முன்பக்கத்தை இன்றைக்கும் அணியம் என்றுதான் சொல்வார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, "நங்கூரம் போட்டாச்சு, இறங்குங்க," என்பார். மழைக்காலத்தில் வீதியில் தண்ணீர் ஏறிவிட்டால் மற்ற சாரதிகள் முகம் சுளிப்பார்கள். இவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும்.

ஒருமுறை போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் மறித்து, கருவியை வாயில் வைத்து ஊதச் சொன்னார். வெற்றிலை வாசத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அவர் குழம்பிப்போய் இன்னொருமுறை ஊதச் சொன்னார்.

"வண்டிதான் ஐயா குடிச்சிருக்கு," என்றார் நல்லரத்தினம். "அதட வாயில வெச்சிப் பாருங்க."

இந்த ஆட்டத்துக்குப் பலியாவது முன் டயர்கள்தான். ஒரு சோடி நாலு மாதம் தாங்காது. பின் டயர்கள் புதுமாப்பிள்ளைகளைப் போல நிமிர்ந்து நிற்க, முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகிவிடும். கழற்றிப் போட்ட டயர்களை ஊர் அன்போடு ஏற்றுக்கொண்டது. ஒரு வீட்டில் ஊஞ்சல், ஒரு வீட்டில் கற்றாழைத் தொட்டி, துறையில் தோணிகள் முட்டாமல் இருக்க வரிசையாக ஆறு. செட்டிபாளையத்தில் நல்லரத்தினத்தின் டயர் இல்லாத வீட்டு வளவைத் தேடத்தான் வேண்டும்.

ஊரே ஏறிய அந்த வண்டியில் ஏறாத ஒரே ஆள் அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை.

முதல் வருடம் ஏறினார். களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் இறங்கியதும், வரவேற்க வந்த வீட்டுக்காரரின் கையில் இருந்த பன்னீர்ச் செம்பின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டார். காஞ்சிபுரச் சேலையோடு நின்று சொன்னார்: "இது வண்டியில்ல, தோணி. தண்ணியில போற மாதிரிப் போறதெண்டா நான் தண்ணியிலயே போறன். இனி இதில கால் வெச்சா என்னப் பேர் மாத்திக் கூப்பிடுங்க."

அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் பஸ்தான். நல்லரத்தினம் என்ன செய்வார் தெரியுமா? பஸ்ஸுக்குப் பின்னாலேயே கெப்பில் போவார். சந்தைக்குப் போனால் இலட்சுமிப்பிள்ளை பஸ்ஸில் வருவார், மரக்கறிப் பைகள் கெப்பில் வரும். பஸ்ஸின் பின் கண்ணாடியில் மனைவியின் கொண்டை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தபடி அந்த மனிதர் இடமும் வலமும் வெட்டிக்கொண்டு வருகிற காட்சியைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மகள் கஜானிக்கு ஆவணியில் கலியாணம் நிச்சயமானது. தாலி கட்டு களுவாஞ்சிக்குடிக் கோயிலில். மணப்பெண்ணைத் தன் வண்டியில் ஏற்றிப்போய்க் கோயில் வாசலில் இறக்கவேண்டும் என்பது, அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து நல்லரத்தினம் வளர்த்து வந்த கனவு. கெப்புக்கு என்ன நிறத்தில் மாலை போடுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தார்.

"எண்ட புள்ளய அந்தத் தோணியில ஏத்த விட மாட்டன்," என்றார் இலட்சுமிப்பிள்ளை. "மதுரன்ட காருக்குச் சொல்லியாச்சு." மதுரன் அவருடைய தம்பி மகன்.

"அப்ப நான்?"

"நீங்க வழமைபோலப் பின்னால வாங்க."

அன்று நல்லரத்தினம் சோறு சாப்பிடவில்லை. மறுநாள் காலை நேரே காத்தான்குடியில் முனாப்பின் கராஜுக்குப் போனார்.

முனாப் கட்டாரில் பதினொரு வருடம் பாரமான வாகனங்களுக்கு வேலை செய்துவிட்டு வந்தவர். வண்டியைப் பார்க்குமுன் டயரைத்தான் பார்ப்பார். குனிந்து முன் டயரைக் கையால் நீவினார்.

"அண்ணன், நீங்களும் தடவிப் பாருங்க. முதல்ல இந்தப் பக்கத்தால."

"வழுக்குது."

"இப்ப மறுபக்கத்தால."

நல்லரத்தினத்தின் கை சட்டென்று நின்றது. "அட, செதில். வாலிலருந்து தலைக்குத் தடவின மீன் மாதிரிக் கீறுது, தம்பி."

"அதான். முன் டயர் ரெண்டும் கோவிச்சிக்கிட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி. ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஓடுது. ஒண்டு அங்கால இழுக்கும், ஒண்டு இங்கால இழுக்கும். வண்டியும் நேராப் போகாது, டயரும் தேயும்."

நல்லரத்தினம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கட வீட்டு விசயம் உங்களுக்கு ஆரு சொன்ன?"

வெறும் வண்டியை அளக்க முனாப் மறுத்துவிட்டார். "ஓடுற மாதிரியே பாரம் ஏத்திக்கிட்டு வாங்க. பின்னுக்குப் பாரம் ஏறினா முன்னுக்கு மூக்குத் தூக்கும். மூக்குத் தூக்கினா கணக்கு மாறும்." ஆகவே பதினைந்து நெல் மூட்டைகளுடன் கெப் மறுபடி வந்தது. சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க, இரண்டு பக்கமும் நூல் இழுத்துக் கட்ட நல்லரத்தினமே தங்கூசி கொண்டுவந்தார், தூண்டிலுக்குப் போடும் அதே நைலோன் நூல். முனாப் அதன் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தார். சக்கரங்களை இணைக்கும் தண்டின் முனைகள் இரண்டும் தேய்ந்து ஆடின. அவற்றை மாற்றினார். ஸ்டியரிங் பெட்டியின் தளர்வை இறுக்கினார். டயர்களைப் புதிதாக்கி, கோவித்துக்கொண்ட முகங்களைத் திருப்பி நேராக்கினார். மாலையில், "பிஸ்மி செல்லி எடுத்திட்டுப் போங்க. தண்டவாளத்தில போற மாதிரிப் போகும்," என்று வண்டியின் திறப்பைக் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நல்லரத்தினம் கராஜ் வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"முனாப், எண்ட வண்டியப் பழுதாக்கிப் போட்டீங்க. முதல் தோணிதான் ஆடின. இப்ப பாம்பு ஓடுது."

முனாப் தானே ஏறி, நேர் வீதியில் ஓட்டிப் பார்த்தார். கெப் முனகாமல் நேராகப் போனது. பிறகு நல்லரத்தினத்தை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் இருந்தார். வண்டி இடம் வலமாக நெளிந்தது. முனாப் வீதியைப் பார்க்கவில்லை, நல்லரத்தினத்தின் கைகளைப் பார்த்தார். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொப்பி கழன்று மடியில் விழும்வரை சிரித்தார்.

"அண்ணன், வண்டிக்குச் சரி பாத்தாச்சி. உங்கட கைக்குத்தான் இன்னும் பாக்கல்ல. ஏன் அந்த வெட்டு வெட்டுறீங்க?"

"வெட்டாட்டி அங்கால போயிருமே."

"எங்கயும் போகாது. இது வாவியில்ல. காத்து இல்ல, நீரோட்டம் இல்ல. சும்மா இரிக்கிற வண்டிய நீங்கதான் போட்டு ஆட்டுறீங்க."

நல்லரத்தினம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் தண்ணீர் கற்றுக்கொடுத்ததும், நாலு வருடம் இந்தக் கெப் கற்றுக்கொடுத்ததும் சேர்ந்து அந்தக் கைகளுக்குள் இருந்தன. கலியாணத்துக்கு இருபத்திரண்டு நாள்.

"இதுக்கு மருந்து இருக்கா தம்பி?"

"இரிக்கி. முட்டை."

கைக்கு ஒன்றாக, ஸ்டியரிங்குக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு கோழிமுட்டை. இறுக்கினால் உடையும், வெட்டினால் விழும். வெறும் வண்டி, ஆளில்லாத வீதி, நடை வேகம். இதுதான் முனாப்பின் வைத்தியம்.

அடுத்த வாரம் முழுவதும் விடிந்தும் விடியாததுமாகக் கடற்கரை வீதியில் ஒரு டபுள் கெப் ஆமைபோல ஊர்ந்தது. முதல் நாள் எட்டு முட்டை. இரண்டாம் நாள் ஆறு. ஸ்டியரிங் பிசுபிசுத்தது. எறும்புகள் அணியம்வரை வரிசை கட்டின. ஒரு காகம் தினமும் தவறாமல் வண்டிக்கு மேலே பறந்து வந்தது.

வீட்டிலோ கோழிக்கூட்டில் முட்டை காணாமல் போக, இலட்சுமிப்பிள்ளை கீரிக்குப் பொறி வைத்தார். பொறியில் எதுவும் விழவில்லை, முட்டை மட்டும் குறைந்தது. ஒன்பதாம் நாள், வாசல் பெருக்கும் தும்புத்தடியோடு கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். கூட்டுக்குள் நுழைந்த கையில் மணிக்கூடு கட்டியிருந்தது.

"கஜானிட அப்பா! இந்த வயசில பச்ச முட்டையா குடிக்கிறீங்க?"

"குடிக்கல்ல புள்ள," என்றார் நல்லரத்தினம் குனிந்தபடியே. "புடிக்கிறன்."

முழுக்கதையும் வெளியே வந்தது. செதில், தங்கூசி, கை வைத்தியம், எல்லாம். கேட்டு முடித்த இலட்சுமிப்பிள்ளை தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க நின்றார். சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் விடியற்காலையில் கெப்பின் பொனெட்டின் மீது ஒரு சிரட்டைக்குள் இரண்டு முட்டைகள் இருந்தன.

ஆனால் காருக்குச் சொன்னது சொன்னதுதான். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் இலட்சுமிப்பிள்ளை ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து, கெப்பின் கதவைத் தானே திறந்து, முன்சீற்றில் ஏறி அமர்ந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு.

"களுவாஞ்சிக்குடி மட்டும் போங்க. ஒரு துளி சிந்தப்படாது. அதுக்குப் பிறகு கதைப்பம்."

நல்லரத்தினம் மூச்சுவிட்டாரா என்பது சந்தேகம். கைகள் ஸ்டியரிங்கில் தூங்கும் குழந்தைமேல் வைத்ததுபோல இருந்தன. செம்பின் விளிம்பில் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. பாதி வழி போனது. முக்கால்வாசி போனது. களுவாஞ்சிக்குடிச் சந்தி கண்ணுக்குத் தெரிந்தபோது ஒரு நாம்பன் மாடு வேலிக்குள்ளிருந்து பாய்ந்து நடுவீதியில் வந்து நின்றது. பிரேக்கை மிதிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை.

செம்பு முழுவதும் இலட்சுமிப்பிள்ளையின் மடியில்.

மாடு போய்விட்டது. நல்லரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். இலட்சுமிப்பிள்ளை நனைந்த சேலையைப் பார்த்தார். சீற்றின் இடப்பக்கத்தைத் தொட்டார், காய்ந்திருந்தது. வலப்பக்கத்தைத் தொட்டார், அதுவும் காய்ந்திருந்தது.

"முன்னுக்குத்தான் ஊத்துண்ட," என்றார் நீதவானைப் போல. "பக்கத்தால போகல்ல."

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப? வீட்ட திருப்புங்க. சீலை மாத்தணும்."

தீர்ப்பு அன்று வரவில்லை. மூன்று நாளும் வரவில்லை.

கலியாண நாள் காலையில் மதுரனின் வெள்ளைக் கார் மல்லிகைச் சரத்தோடு வாசலில் நின்றது. கஜானியைப் பட்டுச் சேலையில் அழைத்து வந்தார்கள். நல்லரத்தினம் வேட்டி சால்வையோடு கெப்பின் அருகே, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். இலட்சுமிப்பிள்ளை சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாகக் காரில் அடுக்கினார். இரண்டு மாமிமாரை அடுக்கினார். பிறகு கதவைச் சாத்தினார்.

"மதுரன், நீ இவங்களக் கூட்டிக்கிட்டு முன்னால போ மகன். பொண்ணு அவட அப்பாட வண்டியில வருவா."

நல்லரத்தினம் திறப்பைத் தேடினார். சால்வைக்குள் தேடினார், இடுப்பில் தேடினார், வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

தாயும் மகளும் பின்சீற்றில் அமர, கெப் புறப்பட்டது. செட்டிபாளையம் கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டு போனது. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த கஜானி விசும்பினாள். கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. கண்ணாடியில் அதைக் கண்ட நல்லரத்தினத்தின் கால் தானாக வேகத்தைக் குறைத்தது.

"நிப்பாட்டவா புள்ள?"

"ஏன் நிப்பாட்டுற? நேரம் போகுது. ஓடுங்க."

இலட்சுமிப்பிள்ளை கைப்பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்து, சுண்டுவிரலால் தொட்டெடுத்தார். இடக்கையால் மகளின் நாடியை நிமிர்த்தி, "மேல பாரு," என்றார். ஓடிக்கொண்டிருந்த கெப்பில், மகளின் கீழிமையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, ஒரே இழுப்பில் மை தீட்டினார்.