சஹனில் உட்காராத மர்ஜான் நானா

முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர்களைக் கமராவுக்கு முன்னால் கதிரையில் உட்காரவைத்து, "புருவத்தைத் தூக்குங்க, கண்ண இறுக்கி மூடுங்க, பல்லைக் காட்டுங்க" என்று சொல்லிப் படமெடுப்பது என் வேலையில் பாதியாக இருந்தது. மீதிப் பாதி, வீட்டுக்குப் போனவர்களைப் போனில் விசாரிப்பது. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் முக நரம்பு ஆராய்ச்சியில் ரிசர்ச் அசிஸ்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் முகம் தானாகத் திரும்பிவிடும். போனில் "சுகம்" என்றால் ஃபோலோ-அப் முடிந்தது. திரும்பவில்லை என்றால் ஸ்கேனுக்குக் கூப்பிடுவோம். நரம்பை ஏதாவது கட்டி பிடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆனால் நம் சனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மருந்து தந்த டொக்டரிடம் சுகமில்லை என்பது அவரைக் குறை சொல்வது மாதிரி. மரியாதைக்காகவே சுகமாகிவிடுவார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த மர்ஜான் நானாவும் அந்த ரகம்தான். (எங்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை 'நானா' என்பார்கள்.)

"நல்லா ஈக்கிது தங்கச்சி. டொக்டர் ஐயாட கை ராசி" என்றார் போனில்.

அதோடு வைத்திருக்கலாம். ஆனால் எனக்கு வாய் நீளம். கிளினிக்கில் என்னைக் 'கதை மிஸ்' என்று கேலி செய்வார்கள். தம்பி மகளுக்குக் கலியாணம் என்று அவர் முன்பு சொன்னது ஞாபகம் வர, "கலியாணச் சாப்பாடு எப்பிடி நானா? யாரோட சஹன்ல உக்காந்தீங்க?" என்று கேட்டேன். சஹன் என்றால் பெரிய தட்டு. முஸ்லிம் வீட்டு விருந்தில் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

யாரோ போனைப் பறித்தார்கள். பிறகு அவருடைய மனைவியின் குரல் கேட்டது.

"இவரு சும்மா செல்றாரு தங்கச்சி. சஹன்ல குந்தவே இல்ல. சோறு வாயால வழியுது, மத்தவங்க அருவருப்பாங்களாம். வீட்லயும் அங்கால திரும்பி இருந்துதான் தின்றாரு. காதுக்குக் கீழ சின்னக் கட்டி ஒண்டும் ஈக்கிது. அதையும் ஒருத்தருக்கும் செல்ல வேணாமாம்."

எங்கள் சர்ஜனிடம் ஓடினேன். அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, "நாளைக்கே வரச் சொல்லுங்கள்" என்றார் சிங்களத்தில்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய், முக நரம்பையும் பிடித்திருந்தது. நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை. கட்டியோடு நரம்பிலும் ஒரு துண்டை வெட்டவேண்டும், காலிலிருந்து நரம்பெடுத்து ஒட்டலாம், முகம் முழுதாகத் திரும்பும் என்று வாக்குத் தர முடியாது என்றார் சர்ஜன். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"உசிரு?" என்றார் மர்ஜான் நானா.

"அதுக்குத்தான் நானா இவ்வளவும்."

ஒப்பரேஷன் நடந்தது, பிறகு கதிர்வீச்சும் முடிந்தது. எங்கள் ஆராய்ச்சியிலும் ஒரு மாற்றம் வந்தது. போனில் பேசும்போது சுகமா என்பதோடு நிறுத்தாமல், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்கவேண்டும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். கூடச் சாப்பிடுகிறவரிடமும் பேசவேண்டும். பிள்ளைகளே, நான் படித்த பாடமும் அதுதான். கணவர் கையிலிருந்து போனைப் பறித்த அந்தப் பெண்ணுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

ஒரு வருடத்துக்கும் மேலாகி, கிளினிக்குக்கு வந்த மர்ஜான் நானாவிடம், எப்படி இருக்கிறது என்று சர்ஜன் கேட்டார்.

"சரியில்ல டொக்டர். கண்ணு இன்னம் முழுசா மூடுதில்ல. தண்ணி குடிச்சா ஒழுகுது. காதுப் பக்கம் மரத்துப் போய் ஈக்கிது."

அவருடைய மனைவி சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் நிறுத்தவில்லை. சர்ஜன் சிரித்துக்கொண்டே, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் தமக்குத் தெரிந்த தமிழில். அந்தக் குறைகளில் ஒன்றையும் விடாமல் நான் சந்தோஷமாகச் சிங்களத்தில் சொன்னேன்.