இன்னொரு தடவை வந்து பார்த்தவர்

நிஸாம்தீன் சேர் இறந்துவிட்ட செய்தி, ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடம் முடிந்து நான் ஆசிரியர் அறைக்கு வந்தபோது கிடைத்தது. கணவர் செல்வம் தொலைபேசியில் சொன்னார். "சேர் விடியக்காலையில தவறிட்டாராம். ஜும்மா முடிஞ்சதும் அடக்கமாம்." அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அலவத்துகொடைக்குப் பஸ் ஏறினேன். அக்குறணையில் வாகன நெரிசல். போய்ச் சேர்ந்தபோது ஜனாஸா அடக்கத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தது. முற்றத்துக் கதிரைகளில் யாரும் இல்லை.

கண்டிப் பக்கத்தில் வங்கிக் கடன் எடுத்து வீடு வாங்கிய பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். வீட்டையும் காணியையும் பார்த்து, இன்ன விலை பெறும் என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் மதிப்பீட்டாளர். மெலிந்த, உயரமான மனிதர். ஒரு சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால்கூட "தட்டட்டுமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்பார்.

நானும் செல்வமும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தபின் எங்கள் ஒரே பிள்ளையோடு டவுனில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் இரு குடும்பங்களிலும் சொந்த வீடு என்று யாருக்கும் இருந்ததில்லை. கடுகண்ணாவையில், சரிவில் கட்டிய ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் ஒரு கல் சுவர். வங்கி அனுப்பி நிஸாம்தீன் சேர் வந்து பார்த்தார். நல்ல விலையே எழுதினார். கடனும் சரி வரும் போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் இன்னொரு வங்கி, ஆசிரியர்களுக்கென்று குறைந்த வட்டியில் வீட்டுக்கடன் கொடுப்பதாகத் தெரிந்தது. அங்கே மாறினோம். அவர்கள் மதிப்பீட்டு அறிக்கை கேட்டார்கள். கையில்தான் ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். பழைய வங்கியில் கேட்டபோது, அறிக்கைக்குப் பணம் கட்டியது நீங்களாக இருந்தாலும் அது எங்கள் பேருக்கு எழுதியது, தர முடியாது என்றார்கள். புதிய வங்கி ஒரு வழி சொன்னது. நிஸாம்தீன் சேர் அவர்களுக்கும் மதிப்பீடு செய்பவர்தான். அதே அறிக்கையை அவர்கள் பேருக்கு மாற்றி, சொத்தின் நிலையில் மாற்றம் இல்லை என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டால் போதும்.

அவருக்குப் போன் எடுத்தேன்.

"பேர மாத்தித் தர ஏலும் டீச்சர். ஆனா நான் இன்னொருக்கா வந்து பாக்கோணும். நாலு மாசமாப் போச்சு. நடுவுல நல்ல மழை பேஞ்சிரிக்கி."

மறுநாளே பஸ்ஸில் வந்தார். வழிச்செலவுக்குக்கூட எதுவும் வாங்க மறுத்தார். பின்பக்கம் போனவர் நெடுநேரம் திரும்பவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது கல் சுவரின் முன் குந்தியிருந்தார். சுவரின் நடுப்பகுதி வீட்டுப் பக்கமாகப் புடைத்திருந்தது. மேலே சரிவின் மண்ணில் ஒரு வெடிப்பு. அதற்குள் தன் பேனையை விட்டுப் பார்த்தார். முக்கால்வாசி உள்ளே போனது.

செல்வம் கெஞ்சினார். "அந்த ஒரு வரிய மட்டும் எழுதிக் குடுத்துருங்க சேர். வீட்ட வாங்கிட்டுச் செவர நாங்க கட்டிக்கிறோம்."

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஊட்டுல படுக்கப் போறது பேங்க் இல்ல தம்பி. நீங்களும் புள்ளையும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒங்களுக்குச் சொந்த வீடு இருக்கு சேர். அதனால ஒங்களுக்கு லேசு," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். கண்டதை அப்படியே எழுதினார். விலை இறங்கியது, கடன் பாதியாகச் சுருங்கியது. மாத முடிவில் வீட்டை வேறொருவர் வாங்கினார்.

இரண்டு வருடம் அவரோடு நான் பேசவில்லை. ஒருமுறை பேராதெனிய வீதியில் எதிரே வந்தார். நான் கடைக்குள் நுழைந்துகொண்டேன்.

பிறகு ஹந்தானைக்குப் போகும் வழியிலேயே ஒரு வீடு அமைந்தது. வங்கி அனுப்பிய ஆள் மறுபடியும் அவர்தான். எதுவுமே நடக்காததுபோல "புள்ள இப்ப எத்தனையாம் வகுப்பு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். இந்த முறையும் பாதி வழியில் கடன் திட்டம் மாறியது, அறிக்கையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்த முறையும் வந்து பார்த்தார். மாற்றம் இல்லை என்று எங்கள் கண் முன்னாலேயே எழுதினார்.

அன்று தேநீர் கொடுக்கும்போது, மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "கடுகண்ணாவை வீடு இன்னும் நிக்குது சேர். ரெண்டு மழைக்காலம் போயிருச்சு. வாங்குனவங்க நல்லாத்தான் இருக்காங்க."

குத்திக்காட்டத்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ். நிக்கட்டும் டீச்சர். நான் சரியின்டு காட்டுறதுக்கு அந்த ஊடு விழத் தேவல்ல."

மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம். பால் காய்ச்சும் நாளில் வருவார், அப்போது தனியாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் வரவில்லை. சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. மாடிப்படி ஏற முடியாத நிலையில்தான் எங்கள் வீட்டுக்கு இரண்டாம் முறை வந்திருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை அவருடைய மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் யார் என்று சொன்னதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கடுகண்ணாவ டீச்சரா? அண்டைக்கு அவர் சாப்பிடல்ல. டீச்சர் சென்னது சரிதான், எனக்கு வாப்பாட ஊடு இருந்திச்சி, கடனுக்கு அலையிற கஷ்டம் எனக்குத் தெரியாது என்டு சென்னவர்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா அழுதார். ஆறுதல் சொல்லப் போன நான்தான் அதிகம் அழுதேன்.

அவரை அறிந்த ஒவ்வொருவரிடமும் ஒரு நினைவு இருக்கும். என்னிடம் இரண்டு. பள்ளிக்கூடத் தவணை முடிவில் ஒரு பிள்ளையைப் பற்றி அறிக்கை எழுதப் பேனையை எடுக்கும்போது, போன தவணை எழுதியதைப் பார்த்து எழுதாமல், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்கிறேன். இது அவரிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். மற்றது, நான் கேட்காமல் விட்ட மன்னிப்பு. அவருடைய மனைவியிடம் கேட்டேன், பெரிய மனதோடு தந்தார். ஆனால் அது அவரிடம் கேட்க வேண்டியது. கேட்கக் கிடைத்த ஒரு பின்னேரத்தில் தேநீர்க் கோப்பையை மட்டும் நீட்டினேன்.