ஏழுமலையின் தண்ணீருக்கு ஒரு விருந்து

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடத்துகிறவனுக்குச் சனிக்கிழமை தூக்கம் கிடையாது. காய் வருமா, வந்தால் விற்குமா, விற்காததை யார் தலையில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டே படுத்து, யோசித்துக்கொண்டே எழுந்திருக்கும் தொழில் இது. குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருந்தவர்களுக்கும், லிஃப்ட் ரிப்பேருக்கு வீடு வீடாக வசூலுக்குப் போனவர்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

சேலையூரில் ஒரு தேவாலய வளாகத்தில் கூடி, சிறு விவசாயிகளிடம் நேரடியாகக் காய் வாங்கும் குழு எங்களுடையது. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் இதில் மாட்டிக்கொண்டேன். மாட்டிவிட்டவர், எதிர்வீட்டு ஜெமீமா டீச்சர்.

அரைக்கீரை

உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து எங்களுக்குக் காய் கொண்டுவருகிறவர் ஏழுமலை. அவரும் மனைவி அமுதாவும் சேர்ந்து பார்க்கும் சின்ன நிலம். ஒரு ஞாயிறு அவர் வண்டியில் பாதிக் கூடைகள் காலியாக இருந்தன. நிலத்திலிருந்த போர்வெல் வற்றிவிட்டது, புதிதாகப் போட வழியில்லை என்றார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். அடுத்த மாதம் கூப்பிடுவார்களாம். போய்விட்டால் நிலம் தரிசுதான். இவ்வளவையும் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார், விலை சொல்வதுபோல.

வாங்க வந்திருந்தவர்களிடம் நான் இதை அறிவித்தேன். பொழிச்சலூரிலிருந்து வாராவாரம் ஸ்கூட்டரில் வரும் அம்மா ஒருவருக்குக் கண் கலங்கியதுபோலத் தெரிந்தது. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "அப்போ அடுத்த வாரம் அரைக்கீரை வராதா சார்?"

மெனு கமிட்டி

டிக்கெட் போட்டு ஒரு மதிய விருந்து வைப்பது, மிஞ்சுவதில் ஏழுமலைக்குப் போர் போடுவது என்று முடிவாகி, நோட்டீஸும் எழுதியாயிற்று. முடிவெடுக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. என்ன சமைப்பது என்பதில் ஒரு சாயங்காலம் போயிற்று. சிக்கன் இல்லாவிட்டால் டிக்கெட் விற்காது என்றது ஒரு கட்சி. சிக்கன் இருந்தால் வளாகத்துக்குள் கால் வைக்க மாட்டோம் என்றது இன்னொன்று. கடைசியில் சாம்பார் ஜெயித்தது.

குழுவின் கணக்கைப் பார்ப்பவர் ரகு. பெரும்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஐ.டி. வேலை, மாடம்பாக்கத்தில் வீடு. லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி, செலவிலேயே பெரியது காய்கறிதான் என்று காட்டினார். "ஏழுமலை அண்ணாகிட்டயே ஃப்ரீயா வாங்கிட்டா இந்த லைன் ஜீரோ ஆயிடும்" என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆமோதித்து ஆடின. ஜெமீமா டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தம்பி, இந்த விருந்து யாருக்குன்னு அந்த நோட்டீஸை எடுத்து ஒரு தடவை சத்தமா வாசி."

ஆட்டோ ஸ்டாண்டு

டிக்கெட் விற்கும் வேலை என்னிடம் வந்தது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் நோட்டீஸை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். நான் போரையும் ஏழுமலையையும் செக்யூரிட்டி வேலையையும் ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், பேஜாரா கீது. அவுருக்குத் தண்ணி வேணும்னா நான் இன்னாத்துக்கு சோறு துன்னணும்?"

ஹார்டுவேர் கடை

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தணிகாசலம் இந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். அவர் அப்பா காலத்து வயல்தான் பிளாட்டாகி, தெருவாகி, அதில் ஒன்றில் நான் குடியிருக்கிறேன். இன்னும் பாதி டிக்கெட் விற்காத கவலையில் அவரிடம் போய் நின்றேன். நோட்டீஸைக் கல்லாமேல் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு என் கையிலிருந்த டிக்கெட் கட்டை அப்படியே வாங்கிக்கொண்டு பணத்தை எடுத்து வைத்தார். கடைப்பையன்கள் எல்லோரும் சாப்பிட வருவார்கள் என்றார்.

நான் நன்றி சொல்லிக் கிளம்பும்போது, வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்தார். சொன்னேன். சிரித்த முகத்தோடுதான் பதில் வந்தது: "அங்கதான் சார் நாங்க நாத்து வுடுவோம். எங்க கெணறு வத்தினப்ப விருந்து வைக்க யாருக்கும் தோணலை."

மேகம்

தேவாலயத்து ஹால் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கிடைத்தது மைதானமும், ஷாமியானா போட அனுமதியும். விருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் வண்டலூர்ப் பக்கம் வானம் கறுத்தது. தண்ணீருக்காக விருந்து வைக்கிறவன் மழை வரக் கூடாதென்று வேண்டிக்கொள்வது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டேன். பலிக்கவில்லை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. ஷாமியானாவின் நடுவயிறு நீரில் தொங்க, சமையல்காரர் நீளக் கரண்டியால் அதைக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தார். மைதானம் குளமாகிவிட்டது.

விருந்தைத் தள்ளிப்போட்டால் ஏழுமலை ஒரகடம் போய்விடுவார். நடத்தினால் யாரும் வரமாட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமலே அவருக்குப் போன் போட்டு, இங்கே பலத்த மழை என்றேன். அவர் சொன்னார்: "இங்க ஒரு சொட்டு இல்ல சார். அங்கயாவது பெய்யுதே, பெய்யட்டும்."

மூன்றாம் பந்தி

விடிந்ததும் தணிகாசலம் ஒரு லோடு மணல் அனுப்பியிருந்தார். கேட்காமலே வந்த மணல். ரகு பேண்ட்டை மடித்துவிட்டு அதை வாரிப் போட்டார். மேஜைகள் ஓரளவு நேராக நின்றன. முதல் பந்தி பாதிதான் நிரம்பியது. இரண்டாவது நிரம்பியது. மூன்றாவதில் இலை போதாமல் வாங்கிவர ஆள் ஓடினார். ஏழுமலையும் அமுதாவும் உட்காரச் சொன்னால் உட்காராமல், தண்ணீர் ஜக்கோடு வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள்.

பாயசம் போகும் நேரத்தில் பல்லாவரத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் என்னைக் கையசைத்து அழைத்தார். சாப்பாடு பிரமாதம் என்றார். பிறகு இலையை மடித்துவிட்டு, நான் ஒரு மாதமாக யாரிடமும் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டார்: "போர் போட்டும் தண்ணி வரலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

கல்தூள்

துளையிடும் வண்டி வந்த அன்று டீச்சரும் நானும் ஏழுமலையின் நிலத்துக்குப் போனோம். சேர்ந்த பணம் எத்தனை அடிக்கு வருமோ அத்தனை அடிதான் என்று வண்டிக்காரரிடம் முன்பே பேசியிருந்தோம். குழாய்மேல் குழாயாக இறங்கியது. ஒவ்வொரு குழாய்க்கும் விருந்தில் ஒரு வரிசை மண்ணுக்குள் போவதுபோல் இருந்தது எனக்கு. வெளியே வந்தது வெறும் வெள்ளைக் கல்தூள். எங்கள் தலை, முகம், டீச்சரின் கைப்பை எல்லாம் வெள்ளை. அமுதா வண்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏழுமலை வண்டிக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

இன்னும் இரண்டு குழாய்க்குத்தான் பணம் இருக்கிறது என்று வண்டிக்காரர் விரலைக் காட்டிய நேரத்தில் ஏழுமலையின் போன் அடித்தது. ஒரகடத்து சூப்பர்வைசர். திங்கட்கிழமை வந்து சேர முடியுமா, இல்லை வேறு ஆளைப் போடவா என்று கேட்டாராம். கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று ஏழுமலை வைத்துவிட்டார். நானும் டீச்சரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம்.

கடைசிக் குழாய் பாதி இறங்கியபோது தூள் ஈரமாகி, சாம்பல் நிறச் சேறாகி, பிறகு கலங்கலாகத் தண்ணீர் பீறிட்டது. பிரமாதமாக ஒன்றும் இல்லை, ஒன்றரை இஞ்சு ஊற்று, சின்ன நிலத்துக்குத் தேறும் என்றார் வண்டிக்காரர். அமுதா சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை எழுந்து வந்தார், தண்ணீரில் கையை நனைத்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "சார், நீங்க வேற ஆளப் போட்டுக்குங்க. எனக்கு ஊர்லயே வேலை கெடைச்சிடுச்சு."

சிறு விவசாயியை ஆதரிப்பது என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால், அந்த ஒன்றரை இஞ்சு கோடை வரை தாங்குமா என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் என் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்ப்பது என்றுதான் சொல்வேன்.